நாலாவது சில்லு

காரின் பின் இருக்கைப் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மழைத் தூவானம் என்று நினைத்துப் பத்மாசினி சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. இன்னொருமுறை அழுத்தித் துடைத்துவிட்டுத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள். துணி காய்ந்தபடியே இருந்தது. ஈரம் கண்ணாடிக்கு உள்பக்கம்.

அன்று கார்த்திகை விளக்கீடு. மகளின் முதலாம் ஆட்டைத் திவசம் போன கிழமைதான் முடிந்தது. இனி வீட்டில் விளக்கு வைக்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொழுதுபடும் நேரத்தில் வாசற் படலையில் ஒன்று, மாட்டுக்கொட்டிலில் ஒன்று என்று சிட்டி விளக்குகளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வந்தவள், கிணற்றடிக்கு மட்டும் போகாமல், கடைசிச் சிட்டியோடு கார்க் கொட்டிலுக்குள் நுழைந்திருந்தாள். கிடுகுக் கூரையில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. பழைய மண்ணெண்ணெயும் கிறீசும் ஈர ஓலைப்பாயும் சேர்ந்த மணம். அந்த மணத்துக்கு அடியில், மிக மெல்லியதாக, தைல மணம். பிள்ளைகளின் நெஞ்சில் பூசும் யூக்கலிப்டஸ் தைலம்.

அவள் சிட்டியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தாள். ஆவியில் யாரோ விரலால் மூன்று வட்டங்கள் கீறியிருந்தார்கள். சின்ன விரல்.

அது ஐம்பத்திரண்டாம் ஆண்டுச் செவர்லே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இருந்த ஒரு பெரிய மனிதர் கொழும்புக்கு மாறிப் போகும்போது விற்றது. அவளுடைய கணவர் சீவரத்தினம் அதைச் சண்டிலிப்பாய்க்கு ஓட்டிவந்த அன்று, புகையிலை விற்ற காசில் கப்பல் வாங்கியிருக்கிறான் என்று பக்கத்து வளவு மார்க்கண்டர் சொல்லிச் சிரித்தார். பிறகு தன் மகளின் கலியாணத்துக்கு அந்தக் கப்பல்தான் வேண்டும் என்று வந்து நின்றவரும் அவர்தான். சீவரத்தினம் அதைக் குழந்தைபோலப் பார்த்தார். உண்மையான குழந்தை அதற்குப் பிறகுதான் பிறந்தது. கமலாவதி. கமலி.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. பெற்றோல் நின்றது, சாமான்கள் நின்றன. சீவரத்தினம் காரைப் பனங்குற்றிகளில் ஏற்றி, இரும்புக்கெல்லாம் எண்ணெய் பூசி, மேலே பாய் போர்த்து மூடினார். எவராவது வந்து காரைக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அதனால் நாலு சில்லையும் கழற்றி நாலு இடத்தில் ஒளித்தார். ஒன்று வைக்கோற்போருக்குள். ஒன்று புகையிலைக் குடிலில். ஒன்று விறகுக்கு அடியில். நாலாவதைச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். சில்லில்லாத காரை எவன் உருட்டிக்கொண்டு போவான் என்பது அவருடைய கெட்டித்தனம். கடைசிவரை ஒருவரும் வந்து கேட்கவுமில்லை.

வந்தது கமலியின் மூச்சிழுப்புத்தான். போன கார்த்திகை மழையில், விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கியது. வழக்கம்போல ஆவி பிடித்தும் அடங்கவில்லை. சைக்கிளில் வைத்தென்றாலும் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடுவோம் என்று பத்மாசினி கெஞ்சினாள். வீட்டில் கார் நிற்கப் பிள்ளையை நனைத்துக்கொண்டு போவதா, மண்ணெண்ணெய் விட்டு ஓட்டலாம் என்றார் சீவரத்தினம். நெஞ்சு நிறையத் தைலம் பூசிப் பிள்ளையைப் பின் இருக்கையில் படுக்கவைத்தார்கள். ஈரக் காற்றுக் கூடாதென்று கண்ணாடிகளைச் சுற்றி ஏற்றி மூடியது பத்மாசினி. பிறகு அவர் சில்லுப் பூட்டினார். அவள் அரிக்கன் லாம்பு பிடித்தாள். ஒவ்வொரு சில்லுப் பூட்டி முடியவும் பிள்ளை உள்ளேயிருந்து, தன் மூச்சுப் படிந்த கண்ணாடியில், ஒரு வட்டம் கீறிக் காட்டியது. மூன்று வட்டம். நாலாவதுக்காகக் கிணற்றடிக்கு லாம்பு தேவைப்பட்டது.

"அம்மா, லாம்பைக் கொண்டுபோகாதேங்கோ."

கண்ணாடிக்குள்ளால் அது மெதுவாகத்தான் கேட்டது. இந்தா வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கிணற்றில் கயிறு அறுந்து கிடந்தது. சீவரத்தினம் இறங்கி மூழ்கி மூழ்கித் தேடினார். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது கொட்டில் சத்தமில்லாமல் இருந்தது. அந்தச் சில்லு இன்றைக்கும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் அவள் உலை வைக்கிறாள்.

சிட்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கணவர் கொட்டில் வாசலில் நின்றார். கையில் சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாக்கள். செத்தவீடு முடிந்த கையோடு மூன்று சில்லையும் கழற்றிவிட்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவர் இந்தக் காரோடுதான் கிடந்தார். கதவுகளைச் சுற்றி ரப்பர் ஒட்டுவார். தரைத்தகட்டில் துருப்பிடித்த ஓட்டைகளைத் தகரம் வைத்து அடைப்பார். கவலையை மறக்க ஏதோ செய்கிறார் என்று அவளும் விட்டிருந்தாள்.

"நீரும் கண்டிட்டீரே?" என்றார் அவர்.

அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

"பிள்ளையின்ரை மூச்சு உள்ளுக்கை இருக்கு. நாங்கள் கண்ணாடியைப் பூட்டினபடியால் அது வெளியிலை போகேல்லை. ஒரு நீக்கல் விடாமல் அடைச்சுப்போட்டன். இனிப் போகாது." பிறகு வெட்கப்படுகிறவர்போலச் சொன்னார். "நான் பின்னேரத்திலை வந்து கதைக்கிறனான்."

அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாகத் தான் மட்டுமே அழுவதாக நினைத்து அவரை உள்ளுக்குள் வைதுகொண்டிருந்தாள். இந்த மனிதன் இரும்புக்குள் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் காற்று என்று நினைத்தாள். அடுக்களையில் அரிசி அரிக்கும்போது, மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது, கிடுகு வேலிக்கு அப்பால் சந்தைக்குப் போகிற சைக்கிள்களின் மணிச் சத்தத்துக்கு நடுவில், துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் மெல்லத் திறந்து மெல்ல மூடுவதுபோல, இழுத்து, நின்று, பிறகும் இழுத்து. பெற்ற தாய்க்கு அந்தச் சத்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே இருப்பது மூச்சு மட்டுமில்லை. இழுப்பும் இருக்கிறது. ஒரு வருடமாக, அடைத்த கதவுகளுக்குள், அவளுடைய பிள்ளை காற்றுக்கு அந்தரப்பட்டுக்கொண்டு கிடக்கிறது.

அவரிடம் சொன்னாள். கதவைத் திறந்து பிள்ளையை விட்டுவிடுவோம் என்று காலைப் பிடித்துக் கேட்டாள். திறந்தால் பிள்ளை போய்விடும் என்றுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறதென்று அவர் எண்ணெய்க் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன மத்தியானம், பத்மாசினி சுவாமித் தட்டிலிருந்த கார்த் திறப்பை எடுத்தாள். மழை இருட்டிக்கொண்டு நின்றது. கொட்டிலுக்குள் நுழைந்ததும் இழுப்புச் சத்தம் நின்றது. பிள்ளை காத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டில் திறப்பைத் திருப்பிக் கதவைப் பிடித்து இழுத்தாள். ஒட்டிய ரப்பர் தோல் உரிவதுபோல உரிந்து விட்டுக்கொடுத்தது.

தைல மணம் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன மூச்சு, இளஞ்சூடாக, கன்னத்தைத் தொட்டு, காதைத் தொட்டு, கடந்து போனது. கண்ணாடியில் ஆவி ஓரங்களிலிருந்து வற்றியது. மூன்று வட்டங்களும் ஒவ்வொன்றாக இல்லாமற் போயின. வெறும் இருக்கை. அவள் அதன்மேல் முகத்தை வைத்துக் கதறினாள். போ குஞ்சு, போ, என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

சீவரத்தினம் திரும்பிவரப் பொழுதுபட்டுவிட்டது. அவள் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு கொட்டில் வாசலிலேயே நின்றாள். ஏச்சுக்கு ஆயத்தமாகத்தான் நின்றாள். அவர் ஏசவில்லை. திறந்த கதவைப் பார்த்தார். தெளிந்த கண்ணாடியைப் பார்த்தார். கானை நிலத்தில் வைத்தார்.

"முழுக்கப் போயிருக்காது. கொஞ்சமெண்டாலும் மிஞ்சியிருக்கும்" என்றார். "அது அவளுக்குப் போதாது. நான் குடுக்கிறன்."

அவள் விளங்கிக்கொள்வதற்குள் அவர் பின் இருக்கையில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே பூட்டுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கதவிலிருந்த திறப்பையும் கொண்டுபோய்விட்டார். அவள் கண்ணாடியில் தட்டினாள். இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ, என்று கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து நீளமாக மூச்சு விட்டார். ஆவி படிந்தது. இன்னொரு மூச்சு. இன்னொன்று. அவருடைய முகம் மறைந்தது.

அவள் லாம்பை ஒரு கையில் பிடித்தபடி மூலையில் கிடந்த, சில்லுக் கழற்றும் இரும்புச் சாவியை எடுத்து ஓங்கினாள்.

"அடிக்காதையும்." உள்ளேயிருந்து அவருடைய குரல். "கண்ணாடி பிள்ளைக்கு மேலை கொட்டும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிள்ளை அங்கே இல்லை, அவளே திறந்து விட்டாள், அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை இறங்கவில்லை.

உள்ளே இப்போது இரண்டு மூச்சுக் கேட்டது.

ஒன்று பெரியது, ஆறுதலானது. மற்றது சின்னது. இழுத்து, நின்று, பிறகும் இழுத்து. அவள் காதைக் கண்ணாடியில் வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது. நேரம் போகப் போகப் பெரிய மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம் ஏறியது. சின்ன மூச்சில் அது இறங்கியது. பெரியது திணறியது. சின்னது இலேசானது. பெரியது இழுத்தது. நின்றது. இழுத்தது.

நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. அவள் அசையாமல் கேட்டாள். ஒரே ஒரு மூச்சு. சின்னது. தடையில்லாமல், நித்திரையில் கிடக்கும் பிள்ளையுடையதுபோல. கமலி தன் பத்து வருட வாழ்வில் ஒருநாளும் அப்படி மூச்சு விட்டதில்லை. அந்த மூச்சைக் கேட்டு அவளுடைய நெஞ்சில் ஒரு கணம் சந்தோசம் வந்தது. அந்தச் சந்தோசத்துக்குத்தான் அவள் முதலில் பயந்தாள்.

ஆவியில் ஒரு விரல் முளைத்தது. வட்டம் கீறியது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கொஞ்சம் நின்றது. பிறகு, மெதுவாக, நாலாவது.

பூட்டு மேலெழும்பியது. கதவு திறந்தது.

சீவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தபடி. கண் திறந்தபடி. அவருடைய ஒரு கை, தோளில் சாய்ந்த ஒருவரை அணைப்பதுபோல, வெறும் காற்றை அணைத்திருந்தது. அந்தக் கைக்குக் கீழே இருக்கை சின்னதாகக் குழிந்திருந்தது. குழி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. அதற்கு இப்பால், கதவுப் பக்கமாக, ஓர் ஆளுக்கு இடம் விடப்பட்டிருந்தது.

"நாலு சில்லும் பூட்டியாச்சு அம்மா," என்றது குழி. "ஏறுங்கோ. லாம்பையும் கொண்டு வாங்கோ."

பத்மாசினி ஓட நினைத்தாள். ஓடினால் லாம்பும் கூடப் போகும். பிள்ளை திரும்பவும் இருட்டில் கிடக்கும். கார் பனங்குற்றிகளின்மேல், ஒரு சில்லும் இல்லாமல், மெல்ல ஒருமுறை குலுங்கி நின்றது. லாம்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடியில், அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, உள்பக்கமாக ஆவி படியத் தொடங்கியது.