உள்ளே ஒருத்தரும் இல்லை

நான்தான் அவனைக் கொன்றேனா?

பஹ்மிதா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்!

தம்புள்ளைப் பழக் களஞ்சியத்தின் நான்காம் குளிர் அறையிலிருந்து தொழிலாளி ஜீவராஜின் உடலை அன்று காலையில்தான் தூக்கிப் போயிருந்தார்கள்.

"ஹார்ட் அட்டாக்," என்றான், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் மனேஜர் றம்ஸீன். "தங்கச்சி ஏன் பயப்புடுறீங்க?"

"காலையில ஃபோன்ல நெறஞ்ச ரூம எண்ணச் சொன்னீங்களே, நானா... உள்ளுக்கு யாரும் ஈக்கிறாங்களான்னு கேட்டேனே?"

"ஒருத்தரும் இல்லன்னு நெனச்சேன். அல்லாட நாட்டம்!"

"போலீஸுக்குச் சொல்லோணும்."

"சொல்லுங்க. அழுத்தின வெரல் யார்டன்னுதான் மொதல்ல கேப்பான்."



காற்றை விரட்டி, நைட்ரஜனை நிரப்பி மாம்பழத்தைக் காக்கும் அறைகள் அவை; உள்ளே ஆள் இருந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவான். அதற்கான கணினி நிரல் அவள் எழுதியது.

சோம்பேறி நிரல்! யாராவது கேட்கும்வரை ஒன்றும் செய்யாது. கேட்டால், முன்பு செய்ததை மறந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யும். 'எத்தனை அறை நிறைந்தது?' என்று கேட்டாலே போதும்... ஆள் வேலை செய்யக் காற்று விட்டிருந்த அறையையும் மறுபடி நிரப்பிவிட்டுத்தான் எண்ணும்!

அந்தப் பிழையை அவள் சொன்னது ஒருவனிடம் மட்டும்.

றம்ஸீனிடம்.

'சீசன் முடியட்டும், திருத்தலாம்' என்றான் அப்போது.

சற்று முன் வாசல் கேட்டடியில் லோட் ஏற்றும் றிகாஸ் கிசுகிசுத்தது காதில் ஒலித்தது.

"மிஸ், கதவு வெளியால பூட்டியிருந்திச்சு! நான்தான் தொறந்தேன். அழுகின பழத்த ஹோட்டலுக்கு ஏத்துறத ஜீவராஜ் வீடியோ எடுத்து வெச்சிருந்தான்..."

கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும், விரல் என்னுடையதுதானே?

"றிகாஸ் எங்க, நானா?"

"வீட்டுக்கு அனுப்பிட்டேன். பயந்துட்டான், பாவம்." மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினான். "ஒருக்கா எண்ணுங்க. எத்தன ரூம் நெறஞ்சிருக்குன்னு மொதலாளி கேக்குறார்."

"நீங்களே அழுத்தலாமே?"

"ஒங்கட வெரலுக்குத்தானே அது தொறக்கும்?"

"உள்ளுக்கு யாரும்...?"

"ஒருத்தரும் இல்ல."

காலையில் சொன்ன அதே சொல். அதே குரல்!

பஹ்மிதா அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

நான்காம் அறை. வெளித்தாழ் போட்டிருந்தது. உள்ளே போகிறவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு செருப்பை விட்டுப்போகும் வாசலில்... இரண்டு சோடி.

ஒன்று ஜீவராஜுடையது. இனி எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

மற்றது பச்சை. கேட்டடியில் றிகாஸின் காலில் இருந்தது!

"ஒரு வெரல்தானே, தங்கச்சி? காலையில வெச்ச மாதிரி..."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எண்ண மாட்டேன், நானா."

"ஏன்?"

"ஒருத்தரும் இல்லாத ரூம்தானே? நீங்க போய் உள்ளுக்கு நில்லுங்க... அப்ப எண்ணுறேன்."