காலிக் கட்டம்

நல்ல மதிய வெயிலில் ஓசோன் பூஜ்யம் என்று காட்டியது கணினி.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூஜ்யம்தான். நகரத்தைத் தெரு அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றில் எது எவ்வளவு இருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் என்னவாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் நிரல் அது, அவளே எழுதியது. வெயில் ஏற ஏற வண்டிப் புகையிலிருந்து ஓசோன் உண்டாகும். கூடும், குறையும். அடியோடு இல்லாமல் போகாது. அதுவும் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும்.

தூசியைப் பார்த்தாள். பூஜ்யம். நைட்ரஜன், பூஜ்யம். ஆக்சிஜன்...

அந்தக் கட்டத்தில் காற்றே இல்லை.

"அண்ணா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

பெரிய கணினிகளைப் பராமரிப்பவர் எழுந்து வந்தார். கணினிகள் சூடாகிவிடக் கூடாது என்று அறையைச் சில்லென்று வைத்திருப்பதால் எந்நேரமும் போர்த்திக்கொண்டே திரிவார். அலுவலகத்தில் அவர் பெயரே சால்வை.

"காத்தே இல்லாம ஒரு தெருவா? நம்ம டைரக்டர் மண்டைக்குள்ள போய் அளந்துட்டு வந்தியாம்மா?" என்று சிரித்தார். "நிரப்பு வரியை எடுத்துட்டியா?"

எடுத்திருந்தாள். கணக்கு எங்காவது சறுக்கி ஒரு கட்டம் காலியானால், பக்கத்துக் கட்டங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அதில் போடுகிற நிரல் வரி அது. வேறொரு பிழையைத் தேடுவதற்காக இன்று காலை அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

"அப்ப கையால நிரப்பிட்டு வேலையப் பாரு."

"கையால நிரப்பினா எங்கிருந்து எடுக்கணும்னு கேக்கும். சொல்லலைன்னா சோதனைக் கட்டத்துலேர்ந்து எடுத்துடும். ஓரிடத்துல கழிச்சாத்தான் இன்னோரிடத்துல போடும்ணா. மொத்தக் கணக்கு மாறக் கூடாதில்ல?"

"சோதனைக் கட்டம்னா நம்ம ஆபீஸ் இருக்கிற கட்டம்தானே? ஊர்ல வேற இடமே கிடைக்கலையா உனக்கு? ஒரு நாள் இது நம்ம தலையிலதான் விடியப்போகுது பாரு."

அவர் போய்விட்டார். அவளுக்கு மனசு ஆறவில்லை. பழைய நாட்களின் கணக்கை நிரப்பு வரி இல்லாமல் ஓட்டிப் பார்த்தாள். நேற்றும் அதே இடத்தில் அந்தக் காலிக் கட்டம். அதற்கு முந்தின நாளும். போன மாதமும். அசையாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. நாள்தோறும் அவளுடைய வரி அக்கம்பக்கத்துக் காற்றைக் கிள்ளிக் கிள்ளி அதற்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்றுதான் போடவில்லை.

இன்றைய படத்துக்குத் திரும்பினாள். கட்டம் பழைய இடத்தில் இல்லை.

காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. திரையில் அம்புக்குறிகளெல்லாம் கிழக்கு நோக்கி. காலிக் கட்டம் அவற்றுக்கு எதிராக, ஆற்றில் ஏறி வருகிற மீனைப் போல, தெருத் தெருவாக மேற்கே வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியது. பள்ளிக்கூட மைதானத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு பெரிய சாலையை விட்டு விலகி, சலவைக் கடை முனையில் திரும்பியது.

அது அவள் வீட்டுக்குத் திரும்புகிற முனை.

நிரப்பு வரியை மறுபடி போட்டாள். கட்டம் ஒரு தடவை மினுங்கியது. நிற்கவில்லை. கிள்ளிப் போடுவது இனி அதற்குப் போதாது போலிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர்தான் எடுத்தார். குழந்தைக்கு மூச்சிழுப்பு என்று இன்று லீவு போட்டிருந்தார்.

"இப்பதான் பாப்பா கண்ணசந்தா. இழுப்பு பரவாயில்ல. நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"அவளைத் தூக்கிட்டு வெளிய வாங்க. வண்டிய எடுங்க. எங்கயாவது போங்க."

"இந்த வெயில்லயா? உனக்கென்ன... இரு, இரு. ஜன்னல் திரை வெளிப்பக்கமா விறைச்சு நிக்குது. காத்து துளிகூட இல்ல. யாரோ வெளியிலேர்ந்து உறிஞ்சுற மாதிரி..."

"தூக்குங்க அவளை!"

போனில் தெரு நாயின் குரைப்பு பாதியில் அறுந்தது. மின்விசிறியின் கடகடப்பு தேய்ந்து நின்றது. குழந்தையின் இழுப்பு கேட்டது, மெல்லிய விசில் போல. பிறகு அதுவும் இல்லை.

"என்னங்க?"

இணைப்பு அறுபடவில்லை. ஆனால் சத்தம் போக அங்கே காற்று இல்லை.

திரையில் காலிக் கட்டம் அவள் வீட்டின் மேல் நின்றது.

கையால் நிரப்பு. அழுத்தினாள். எங்கிருந்து என்று கேட்டது. அவள் படிக்கவில்லை. நிரப்பு. நிரப்பு. நிரப்பு.

காதோரம் ஒரு பெரிய மூச்சு. இருமல். பிறகு அவர் குரல், அழுகையோடு: "வந்துட்டா... மூச்சு வந்துடுச்சு... பாப்பா, அப்பாவைப் பாரு." குழந்தை வீரிட்டு அழுதது. அவள் வாழ்க்கையில் அதைவிட இனிமையாக எதையும் கேட்டதில்லை. மேசையில் தலை சாய்த்து அவளும் அழுதாள்.

அந்த அழுகை அவளுக்கே கேட்கவில்லை.

நிமிர்ந்தாள். கணினிகளின் இரைச்சல் இல்லை. குளிரூட்டியின் முனகல் இல்லை. காதுக்குள் ஏதோ இறுகியது. சால்வை எதிரில் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார், ஒரு சத்தமும் இல்லாமல். அவர் போர்வை தோளிலிருந்து நழுவி, தரையோடு தரையாகக் கதவை நோக்கி இழுபட்டுப் போனது.

அவர் திரையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. முழங்காலால் தவழ்ந்து வந்து விசைப்பலகையை எட்டினார். அதே நிரப்பு. போன காற்றைத் திருப்பி எடுக்க.

அவள் வீட்டிலிருந்து.

அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்ணா. உதடு மட்டும் அசைந்தது. அவர் விரல் விசைக்கு மேலே நின்றது. மேசையில் போன் ஒளிர்ந்தபடி கிடந்தது, இணைப்பில்.

கண் இருண்டுகொண்டு வந்தது. பிடியை விடவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில், ஆள் உயரத்துக்கும் மேலே, ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது. மறைந்தது. வயிறு நிறையாத யாரோ முகத்தை ஒட்டிவைத்து மூச்சு விடுவதைப் போல.