ஆதிகேசவனின் வாரிசு

"கையைத் தூக்கு தம்பி!"

இமயன் தூக்கியதுதான் தாமதம், அக்குளுக்குச் சற்றுக் கீழே விதைக்குழலை வைத்து அழுத்தினான் டில்லிபாபு.

"ஸ்ஸ்... என்னண்ணே குத்துச்சு?"

"எண்ணெய் பிரஷ் முள்ளுப்பா. உன் பேரைக் கூப்பிடறான் பாரு, ஓடு ஓடு!"

எண்ணெய் பூசிய உடம்பு மினுமினுக்க இமயன் மேடைக்குத் தாவினான். டில்லிபாபு காலிக் குழலைக் கைக்குள் மடக்கினான். இத்தனை வருஷம் காத்திருந்த கை!

தசைவிதை. அரிசிமணி அளவு. தோலுக்கடியில் வைத்துவிட்டால் ஆண்மை ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். தண்டால் வேண்டாம், வியர்வை வேண்டாம். சென்னையில் ரேஷன் கடைக்காரருக்குக்கூடப் பலாப்பழம் மாதிரிப் புஜம். ஒரே ஒரு வில்லங்கம்: வெளியிலிருந்து ஹார்மோன் பெருகுவதைப் பார்த்ததும், 'அதான் ஏராளமாக இருக்கிறதே' என்று மூளை விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணுப் பட்டறைக்குப் பூட்டு.

இப்போது விற்கும் விதையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பட்டறை திறந்துவிடும். முதல் தலைமுறை விதை அப்படியல்ல. உள்ளே போன கணமே சதையோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். எடுக்க வழியே கிடையாது.

அதைத்தான் 'சத்து ஊசி' என்று சொல்லி டில்லிபாபுவுக்குப் போட்டார் வியாசர்பாடி ஜிம் மாஸ்டர் ஆதிகேசவன். டில்லிக்குக் கோப்பை கிடைத்தது. குழந்தை கிடைக்கவில்லை. மனைவி பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மாஸ்டரோ தசைவிதை ஆலைக்கு முதலாளி! ஊருக்கெல்லாம் விதை விற்றவர், மகன் இமயனை மட்டும் தண்டால் எடுக்கவைத்து, 'விதையில்லா ஆணழகன்' போட்டிக்கு வளர்த்தார்.

திரை விலகியது. ஆதிகேசவன்.

"டேய்... டில்லி? நீ எங்கடா இங்க?"

"எண்ணெய் பூச வந்தேன் மாஸ்டர்." காலிக் குழலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "அப்படியே உங்க சத்து ஊசியையும் உங்க பிள்ளைக்குப் போட்டுட்டேன். பழைய சரக்கு. உங்க அலமாரியில அன்னிக்கே சுட்டது."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. "பாவி... என்ன காரியம்டா பண்ணே!"

"போலீஸைக் கூப்பிடு. சிரிச்சிக்கினே போறேன். பேரன், பேத்தி எல்லாம் கனவுலதான். உன் வம்சம் இன்னியோட க்ளோஸ்!"

ஆதிகேசவன் எண்ணெய் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என் வம்சமாடா? அது உனக்கு முன்னாடியே போச்சு. முதல் விதையை எனக்குத்தான் போட்டுப் பார்த்தேன்."

"அப்போ தெரிஞ்சேவா எனக்குப் போட்டே?"

டில்லி அவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான்.

"பொய்! பின்ன இமயன் எப்படிப் பொறந்தான்?"

வெளியே விசில் காதைக் கிழித்தது. திரை இடுக்கில், இமயன் இரு கைகளையும் உயர்த்தி நின்றான்.

"நீ ஜிம்ல சேர்ந்தப்போ மெடிக்கல் டெஸ்டுன்னு ஒரு குப்பி கொடுத்தேனே, விந்து ரொப்பிக் கொடுத்தியே... அது டெஸ்டுக்குப் போகலைடா. குழந்தை வேணும்னு என் சம்சாரம் அழுதுக்கினு இருந்தா. அந்தக் குப்பி டாக்டர்கிட்டப் போச்சு." திரை இடுக்கைக் காட்டினார். "நீ இப்போ குத்தினது உன் புள்ளையடா, டில்லி!"