பாஸெல் காப்பி காய்ச்சும் படம்

டிவியில் படம் மறுபடியும் நின்றது. கெண்டியைத் தூக்கிய பாஸெலின் கை தூக்கியபடியே நிற்க, அவன் முகத்தின் மேல் வட்டம் சுற்றியது. கட்டிலில் கிடந்த அம்மா விசும்ப ஆரம்பித்தாள்.

"வஜீஹ், உங்கண்ணன் நின்னுட்டான்டா."

"அவன் நின்னு ரெண்டு வருஷமாச்சும்மா" என்றான் வஜீஹ்.

ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இவன். பார்க்க மட்டும் செத்தவன் வேண்டும். பாஸெலின் முகம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு படத்தில்தான். அது ஓடினால்தான் அம்மா மாத்திரையை விழுங்குவாள்.

தன் அறைக்குப் போய், வீட்டுப் படங்களையெல்லாம் போட்டு வைத்திருந்த சர்வரைக் குடைந்தான். ஹார்ட் டிஸ்கில் கோளாறு இல்லை. இடமும் நிறைய இருந்தது. ஆனாலும் அது மூச்சு வாங்கியது. பார்ப்பவர்கள் பட்டியலில் இரண்டு பேர், இருவரும் ஒரே படம். ஒன்று அம்மாவின் டிவி. மற்றதற்குப் பெயரில்லை.

கீழ்வீட்டு அபூ நாஸிஃப்தான். தெருமுனை ஜெனரேட்டரிலிருந்து அவர் வாங்கும் இணைப்பில் இரண்டு ஆம்பியர் இவனுக்கு. பதிலுக்கு இவன் சர்வரிலிருந்து பால்கனி வழியே அவருக்கு ஒரு ஒயர். பெய்ரூட்டில் பாதி வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன.

"அபூ நாஸிஃப்! ஊர்ல வேற படமே இல்லையா? எங்க வீட்டு எழவுதான் கிடைச்சுதா?" என்று பால்கனிக்குப் போய்க் கத்தினான்.

பனியனோடு ஹூக்கா இழுத்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்தார். "உங்கண்ணன் காப்பிய அவன் இருக்கும்போதே வாயில வைக்க முடியாது. அதப் படத்துல வேற பாக்கணுமா? ஒயர எலி கடிச்சு எத்தனையோ நாளாச்சுப்பா. உன் வாய்க்குப் பயந்துதான் சொல்லல."

வஜீஹ் ஒயரைப் பிடித்து வெறியோடு இழுத்தான். பாதி ஒயர்தான் கையில் வந்தது. முனை கடிபட்டு, களிம்பேறியிருந்தது.

அப்போது தெருமுனை ஜெனரேட்டர் ஓய்ந்தது. அந்தி இருட்டு சட்டென்று வீட்டுக்குள் இறங்கியது. ஹூக்கா கொப்பளிக்கும் சத்தம்கூட நின்றுபோன தெருவில், பாட்டரியில் ஓடிய சர்வரின் விசிறி மட்டும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது போல இரைந்தது.

அறைக்குத் திரும்பிப் பார்த்தான். பட்டியலில் இப்போது ஒருவர். அம்மாவின் டிவி போய்விட்டது. பெயரில்லாதது இருந்தது.

வெளியே போகும் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கினான். இருந்தது.

"உசுரோட இருக்கும்போதும் உன் பாட்டுதான். செத்தும் உன் பாட்டுதானா? நான் யாருடா இந்த வீட்ல?"

படத்தைத் தேர்ந்தெடுத்தான். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது.

அழித்தான்.

விசிறி அடங்கியது. பட்டியல் காலி. சர்வர் புதிது போல இயங்கியது.

ஏலக்காய் போட்ட காப்பி வாசனை வந்தது.

அடுப்படிக்கு ஓடினான். அடுப்பு சில்லென்றிருந்தது. திரும்பினான். அம்மாவின் கதவுக்கடியில் நீல வெளிச்சம்.

சிரிப்பு. அம்மாவின் சிரிப்பு.

கதவைத் தள்ளினான்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. திரையில் அதே அடுப்படி. அடுப்பில் கெண்டி. காப்பி பொங்கி வழிந்தது. அதை இறக்க அங்கே யாருமில்லை.

கட்டிலில் அம்மா சுவரோரம் ஒதுங்கிப் படுத்திருந்தாள். தானாகப் புரள முடியாதவள். பக்கத்தில் போர்வை மேடிட்டிருந்தது, தலை முதல் கால் வரை. மெல்ல ஏறி இறங்கியது.

அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதடா. இப்பத்தான் தூங்குறான்."