மூன்றாவது காப்பி

துணி விலகியது.

பாரி!

விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரியின் பிண அறையில், துருப்பிடித்த மேஜையின் மேல் துர்காவின் ஒரே தம்பி படுத்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரு தீக்காயம் இல்லை. செராமிக் சூளைக்குள் செத்தவன் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. தோளைத் தட்டினால், 'இரு அக்கா... இன்னும் கொஞ்ச நேரம்' என்று புரண்டு படுப்பான் போலிருந்தது.

"இவர்தானாம்மா?"

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி கேட்டார்.

"இவன்தான் சார்."

அவ்வளவுதான். அழுகை வரவில்லை.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே... துர்காவுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வெளியே அம்மா காசியம்மாள் புரண்டு அலறிய சத்தம்கூட அடுத்த தெருவில் கேட்பது போலத்தான் கேட்டது.

"எப்படி சார்?"

"சூளை எரிக்கற கேஸும்மா. தங்கராசு ஃபேக்டரியில வாஷ்பேசின் சுடற சூளை ரெண்டு இருக்குது. ஒண்ணாம் நம்பர் சூளையில சூடு பாக்கற கருவி ரிப்பேரு. உங்க தம்பி மெஷின்ல தன் பேரைத் தட்டிட்டு உள்ள போயிருக்கார். கதவு தானா இறங்கிடுச்சு. கேஸ் தொறந்துக்கிச்சு. நெருப்பும் பத்தல... அலாரமும் அடிக்கல. ஆளுங்க சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கறப்ப..."

முடிக்காமல் தொப்பியைக் கழற்றினார்.

"ஆளு உள்ள இருந்தா கேஸ் தொறக்கவே தொறக்காது சார்! ப்ரோகிராம் விடாது!"

"அந்த ப்ரோகிராமை எழுதினதே உங்க தம்பிதானாமே? 'அவன் தப்பா எழுதினான், அவனே மாட்டிக்கிட்டான்'ங்கறார் முதலாளி தங்கராசு. ஆக்சிடென்ட்னு எழுதி மூடிடலாம்னு பாக்கறேன்."

துர்கா துணியை இழுத்துத் தம்பியின் முகத்தை மூடினாள்.

"மூடாதீங்க சார்."

"எதை?"

"கேஸை!"

●

மணிமுத்தாற்றங்கரையில் தகனம் முடிந்த மறுநாள் காலை, துர்கா லேப்டாப்போடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள்.

"சென்னையில என்ன வேலைம்மா உங்களுக்கு?"

"சாஃப்ட்வேர் கம்பெனி சார். மத்தவங்க எழுதின ப்ரோகிராமை சோதிச்சுப் பாக்கற வேலை. யாரு காப்பியடிச்சு ஒட்டினாலும் புடிச்சுடுவேன்... ஆபீஸ்ல எனக்குக் காப்பி போலீஸ்னு பேரு."

"போலீஸா? அட, நம்மாளு!"

அவள் சிரிக்கவில்லை. சக்கரபாணி தன் சிரிப்பை அவசரமாக விழுங்கினார்.

"ஃபேக்டரி கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த சீடி உங்ககிட்ட இருக்குதுல்ல? சென்னைக்கு அனுப்பினா எப்ப பதில் வரும் சார்?"

"நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள வந்தா சந்தோஷம்."

"குடுங்க. என்கிட்ட ஒரு டூல் இருக்குது. ப்ரோகிராம்ல ஒரே பத்தியை ரெண்டு எடத்துல ஒட்டியிருந்தா காட்டிக் குடுத்துடும். எங்கயாவது தேவையில்லாம சுத்திச் சுத்தி எழுதி முடிச்சுப் போட்டிருந்தாலும் சிவப்பு அடிச்சுக் காட்டும்."

"பரீட்சை ஹால்ல பிட்டு புடிக்கற வாத்தியார் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

சீடி சுழன்றது. எழுத்துகள் ஓடின.

பாரியின் ப்ரோகிராம் வாசலில் போட்ட கோலம் மாதிரி இருந்தது. சுத்தம். ஒவ்வொரு வேலையும் அதனதன் இடத்தில். இந்தச் சுத்தத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்... போனில், ஞாயிற்றுக்கிழமைகளில்.

திடீரென்று சிவப்பு!

ஒண்ணாம் சூளையின் ப்ரோகிராமில் ஒரே ஒரு இடம். சிக்கு விழுந்த தலைமுடி போல ஒரு பகுதி. 'இப்படி இருந்தால்... இல்லாவிட்டால்... அதுவும் இல்லாவிட்டால்...' என்று ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று.

"இது பாரி எழுதினது இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இவ்வளவு அசிங்கமா அவன் எழுத மாட்டான்."

துர்கா ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். ஸ்டேஷன் ஃபேன் நின்றது. கரண்ட் கட். இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்தில் அது அன்றாட வழக்கம். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டேயிருந்தது.

சிக்கலின் நடுவே ஒளிந்திருந்தது அந்த வரி!

'உள்ளே போகிற ஆளின் பெயர் பாரி என்றால்... கதவை இறக்கு. கேஸைத் திற. அலாரத்தை நிறுத்து!'

சக்கரபாணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா... இது..."

"தப்பு இல்ல சார். கொலை."

வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னாள்.

"இருங்க சார். இன்னும் ஒண்ணு காட்டுது. இதே பத்தி இன்னொரு எடத்துலயும் இருக்குது. ரெண்டாம் நம்பர் சூளையோட ப்ரோகிராம்ல. எழுத்துக்கு எழுத்து அதே காப்பி. பேரு மட்டும் வேற."

"என்ன பேரு?"

"கோகுல்."

"கோகுலகிருஷ்ணனா? உங்க தம்பியோட பார்ட்னராச்சே! அய்யோ... இன்னிக்கு ரெண்டாம் நம்பர் சூளையில ரிப்பேர் வேலைன்னு தங்கராசு சொன்னாரே!"

செல்லை எடுத்து ஃபேக்டரிக்கு அடித்தார். மணி போனது... போனது... போய்க்கொண்டேயிருந்தது...

யாரும் எடுக்கவில்லை!

"ஜீப்பை எடுய்யா!"

●

சூளைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம். நடுவில் தங்கராசு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் நிக்குதுய்யா! உள்ள போய்ப் பாருன்னா என்னா பயம்?"

எதிரில் கோகுலகிருஷ்ணன். உயிரோடுதான் இருந்தான். முகம் மட்டும் சுடாத பொம்மை மாதிரி வெளிறிக் கிடந்தது.

"நான் போவ மாட்டேன் சார்... என்னை வுட்டுடுங்க..."

சக்கரபாணியின் நடை மெதுவானது. கண் சுருங்கியது.

"ஏன் போவ மாட்டே கோகுல்?"

"பாரி செத்துருக்கான் சார்... எப்படிப் போறது?"

"இல்ல... ஒண்ணாம் சூளையில பாரி பேரு, ரெண்டாம் சூளையில உன் பேரு... உள்ள போனா அடைச்சுக் கேஸைத் தொறக்கற மாதிரி எழுதியிருக்குதே, அது உனக்கு முன்னாடியே தெரியுமோ? ப்ரோகிராமைத் தொடறவங்க மொத்தம் எத்தனை பேரு?"

"நானும்... பாரியும்."

"ரெண்டு பேர்ல ஒருத்தன் செத்தாச்சு. மிச்சம் யாருய்யா?"

கோகுல் துர்காவைப் பார்த்தான்.

"அக்கா... என்னக்கா சொல்றாரு இவரு?"

பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலிருந்து பாரியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். துர்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வர வேண்டும். வரவில்லை.

"டீக்கடையில ரெண்டு பேரும் சட்டையைப் புடிச்சுக்கிட்டீங்களாமே... எதுக்கு?" சக்கரபாணி நெருங்கினார்.

கோகுல் தலை குனிந்தான்.

"குஜராத் கம்பெனி ஒண்ணுக்கு இதே ப்ரோகிராமை நான் தனியா வித்துட்டேன் சார். பாரி பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டு..."

"அடப்பாவி! அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கோர்ட்டுக்குப் போவேன்னு மிரட்டியிருப்பான். நீ முந்திக்கிட்டே!"

"இல்ல சார்! ரெண்டாம் நம்பர் சூளையில என் பேரே இருக்குதுன்னா, நான் எப்படி சார்..."

"அங்கதான்டா உன் மூளை! உன் பேரையும் நீயே போட்டு வெச்சா உன்மேல சந்தேகமே வராதுல்ல? ஏறு ஜீப்புல!"

●

"நாசமாப் போறவன்! நம்ம வூட்டு சோத்தைத் தின்னுட்டு..."

காசியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிப்போய்க் குரல் உடைந்து வந்தது.

"கொளஞ்சியப்பர் கோயில்ல அவன் பேர்ல பிராது எழுதிக் கட்டணும், சாமியே தண்டிக்கட்டும்னு இருந்தேன்டி. அதுக்குள்ள நீயே புடிச்சுக் குடுத்துட்டே. அவன் ஆத்தாக்காரி வந்தா தெரியுமா? 'எம்புள்ள அப்பிடிப்பட்டவன் இல்ல'ன்னு வாசல்ல வுழுந்து கும்புட்டா. தொடப்பத்தாலயே அடிச்சு வெரட்டினேன்."

"அடிச்சியா?"

"பின்ன? மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?"

துர்கா எழுந்து தம்பியின் அறைப் பக்கம் திரும்பினாள்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ கேக்கறாங்க. தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கும், பாரு."

பாரியின் அறை. கட்டிலில் கசங்கிய லுங்கி. மேஜையில் பழைய கம்ப்யூட்டர். ஸ்ரீமுஷ்ணம் தேருக்குப் போனபோது எடுத்த படம் கிடைத்தது. கையில் கரும்பு ஜூஸ், வாய் கொள்ளாத சிரிப்பு. இது போதும்.

மூடப் போனவளின் விரல் நின்றது.

படங்களுக்குப் பக்கத்தில் அவனுடைய வேலை ஃபோல்டர்.

இதையும் சேர்த்து அனுப்பினால் கோகுல் மேலான கேஸ் இன்னும் இறுகும் என்று தோன்றியது. காப்பி செய்து லேப்டாப்பில் போட்டாள். சீடியில் இருந்ததோடு சேர்த்து மறுபடி டூலை ஓடவிட்டாள்.

அதே சிவப்பு. ஒண்ணாம் சூளை... இரண்டாம் சூளை...

மூன்றாவதாக இன்னொன்று!

எங்கே?

பாரியின் சொந்த ஃபோல்டரில்!

தேதியைப் பார்த்தாள். ஆடி மாதம். சூளைகளில் இருந்த இரண்டுக்கும் முந்தைய தேதி. கேஸுக்குப் பதிலாக ஒரு சின்ன பல்ப் எரிகிற மாதிரி எழுதி, யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அம்மா..."

"என்னாடி?"

"கோகுல் நம்ம வூட்டுக்குக் கடைசியா எப்ப வந்தான்?"

"பொங்கலுக்கு வந்தவன்தான். அதுக்கப்புறம் வாசப்படிய மிதிக்கல. ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லையே!"

துர்கா திரைக்குத் திரும்பினாள். பெயர் இருந்த வரிக்குப் பக்கத்தில், ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் தமக்காகக் கிறுக்கி வைக்கும் குறிப்பு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது.

'முதல்ல என் பேர்ல டெஸ்ட். அப்புறம் பேர் மாத்தணும். எல்லாம் ஒட்டு வேலை... அக்கா பாத்தா திட்டும்.'

அக்கா பார்த்தாள்.

அசிங்கமாக எழுதத் தெரியாதவன் இல்லை பாரி. கோகுலின் கண்ணில் படக் கூடாது என்றே சிக்கலாக்கியிருக்கிறான்! தன் பெயரில் சோதித்துவிட்டு, இரண்டாம் சூளையில் ஒட்டி 'கோகுல்' என்று மாற்றியிருக்கிறான். ஒண்ணாம் சூளையிலும் ஒட்டியிருக்கிறான்...

கரண்ட் போயிருக்கலாம். யாராவது கூப்பிட்டிருக்கலாம்.

பெயரை மாற்ற மறந்துவிட்டான்!

மாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் தன் பெயரைத் தட்டிவிட்டு நிம்மதியாக உள்ளே போயிருக்கிறான்...

'காப்பி பண்ணி ஒட்டாதடா பாரி. ஒரு எடத்துல திருத்துவே, இன்னொரு எடத்துல வுட்டுடுவே.' எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பாள்!

"போட்டோ கெடச்சுதாடி?"

"கெடச்சுதும்மா."

துர்கா ஃபோல்டரின் மேல் டெலீட்டை அழுத்தினாள். 'அழிக்கலாமா?' என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. ஆம். இல்லை.

ஆம் என்றால் பாரி கொலையானவன். அம்மா நிமிர்ந்து நடப்பாள். போஸ்டரில் அவன் சிரிப்பான். கோகுல் உள்ளே கிடப்பான். அவனும் யோக்கியன் இல்லையே!

கூடத்தில் அம்மா இன்னும் கோகுலின் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பம் கதவோரம் கிடந்தது.

நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று துர்கா காத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

விரல் மட்டும் அசைந்தது.

'இல்லை.'

●

சக்கரபாணி லேப்டாப் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு துர்காவைப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் குடுக்கறீங்களாம்மா? இதை நீங்க காட்டலேன்னா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும்ல சார்."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமேதான்."

லாக்கப்பிலிருந்து கோகுல் வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரோ ஒரு டீயை அவன் கையில் கொடுத்தார்கள்.

"என்னையா அக்கா? பாரியா? என்னைக் கொல்லவா?"

"ஆமா கோகுல்."

"அவன்... அவனாக்கா?"

"வூட்டுக்குப் போ. உங்கம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. எங்கம்மா அவங்களை அடிச்சுட்டாங்க... நான் வந்து பேசறேன்னு சொல்லு."

அவன் அழுதான். துர்கா அழுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழ வேண்டியதையும் சேர்த்து அவனே அழுவது போலிருந்தது.

சக்கரபாணி நெற்றியைத் தேய்த்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸைப் பாத்ததில்லம்மா! கொலைகாரன் சுடுகாட்டுல... கொலையாக வேண்டியவன் என் எதிர்ல டீ குடிக்கறான். இதை எந்த செக்‌ஷன்ல எழுதறது?"

மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து ஹெட்கான்ஸ்டபிள் பக்கிரி உற்சாகமாகத் தலையை நீட்டினார்.

"கவலையே படாதீங்க சார்! நேத்து கோகுல் மேல அடிச்ச ரிப்போர்ட்டை அப்படியே காப்பி பண்ணி ஒட்டிடறேன். கோகுல் பேரு வர்ற எடத்துல எல்லாம் பாரின்னு மாத்திட்டா வேலை முடிஞ்சுது!"

வாசற்படி வரை போய்விட்ட துர்கா, திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எல்லா எடத்துலயும் மாத்திடுங்கண்ணே... ஒரு எடத்துல மறந்தா என்ன ஆவும்னு என் தம்பியைக் கேட்டாத் தெரியும்!"