மறுவரவு மீன்

பெர்னதெத் வாசிமுள் என்ற கருவியைச் சீலா மீனின் முதுகில் குத்தினாள். முள் ஒரு நொடி தயங்கிவிட்டு, கல்யாணத் தரகரின் இனிப்புக் குரலில் பேசத் தொடங்கியது.

"வணக்கம். நான் ஒரு சீலா. தீவுகளுக்குத் தெற்கே பிறந்தேன். சாளை மீன்களை விரும்பிச் சாப்பிட்டேன். பிறகு ஆழ்கடலுக்குப் போனேன். மன்னிக்கவும், அங்கே என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. தடம் அறுந்தது. முத்திரை இல்லை."

ஏலக்கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். மீனைப் பிடித்து வந்த இன்னாசி சிரிக்கவில்லை. அவன் பெர்னதெத்தின் அண்ணன். சோதனை அதிகாரியே தங்கையாக இருந்தும் அவன் படகு மூன்றாவது முறையாகத் தோற்றிருந்தது. இன்னொரு முறை தோற்றால் படகின் பெயர் விற்பனைப் பட்டியலிலிருந்து போய்விடும். அதற்குப் பிறகு அவன் என்ன பிடித்தாலும் கோழித்தீவன ஆலைக்குத்தான் கொட்ட வேண்டும்.

"ஏட்டி பெர்னா, மீனப் பாரு. செவுளு ரத்தமா இருக்கு, கண்ணு பளபளன்னு இருக்கு. இதுக்கு என்னட்டி கொற?" என்றான்.

"மீனுக்கு ஒரு கொறையும் இல்லண்ணே. அதுக்கு ஞாபகம் இல்ல. அதான் கொற."

சிலுவைத்துறையின் கடற்கரை நெடுக தடநுண்ணிகளைத் தூவி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் மீனின் சதைக்குள் குடியேறி, அது நீந்திய நீர், தின்ற இரை, விழுந்த வலை, கிடந்த பனிக்கட்டி எல்லாவற்றையும் தம் மரபிழையில் எழுதிக்கொள்ளும். முள்ளால் குத்தினால் படித்துச் சொல்லும். தடை செய்த வலையில் பிடித்தது, குஞ்சிலேயே அள்ளியது, மருந்தில் ஊறவைத்தது, சுறாவைச் சீலா என்று விற்றது, இவற்றையெல்லாம் ஒழிப்பதற்காக வந்த ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். கெட்ட நோக்கத்தோடு யார்தான் ஒரு கண்டுபிடிப்பைத் தொடங்குகிறார்கள்?

முத்திரை கொடுக்கும் பசுங்கயல் நிறுவனம் ஒரே ஒரு விதி வைத்திருந்தது. தடம் அறுபடக் கூடாது. மீன் எங்கே இருந்தது என்பதல்ல, இருந்த இடமெல்லாம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஆழ்கடலின் சுத்தமான நீரில் தடநுண்ணிக்குத் தீனி கிடையாது. அது தூங்கிவிடும். எனவே ஆழ்கடல் போய்வந்த மீனெல்லாம் சந்தேகத்துக்குரிய மீன் ஆயிற்று. சுத்தமாக இருப்பதே குற்றமாகிவிட்ட இந்தக் கூத்தை விதி எழுதியவர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் கடலுக்குப் போகிற ஆட்கள் இல்லை.

அன்றைக்கு அடுத்த படகு கொண்டுவந்தது மடவை மீன். சேற்றை மேய்கிற மீன். முள் வைத்ததும் தங்குதடையில்லாமல் பாடம் ஒப்பித்தது. முழு மதிப்பெண். இரண்டு மாதமாகவே மடவைதான் முத்திரைகளை வாரிக்கொண்டு போனது. ஏன் என்று பெர்னதெத்துக்குப் பிடிபடவில்லை.

ஏலம் முடிந்ததும் ஒரு மடவையை எடுத்துக்கொண்டு சோதனை அறைக்குப் போனாள். இன்னாசியும் பின்னாலேயே வந்தான். கடைக்காரர்கள் கேட்பது சுருக்கம். அதிகாரி நினைத்தால் முழுக்கதையையும் கேட்கலாம். அவள் முழுக்கதையைத் திறந்தாள்.

"வணக்கம். நான் ஒரு மடவை. பெரிய குழாயின் வாசலில் வசிக்கிறேன். நேற்று காலை, முத்துநகர்க் கோபுரம் குடியிருப்பின் திருமதி சுகந்தா அவர்களிடமிருந்து வந்ததைச் சாப்பிட்டேன். அவர் முந்தின நாள் முத்திரை பெற்ற மடவை வறுவலும் இரண்டு பரோட்டாவும் ஒரு சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டிருந்தார். அதற்குப் பிறகு திரு. அனந்தநாராயணன் அவர்களிடமிருந்து வந்ததை..."

பெர்னதெத் முள்ளைப் பிடுங்கி வீசினாள். கழுவும் தொட்டியை நோக்கி ஓடி, காலையில் தின்றதையெல்லாம் கொட்டினாள். வாரம் தவறாமல் ருசி பார்க்கும் சோதனைக்காக அவளும் அந்த மடவையைத் தின்றிருக்கிறாள்.

யோசித்தால் எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. விருந்தினர்கள் தட்டில் வைத்தே முள்ளால் குத்திக் கதை கேட்க ஆசைப்பட்டார்கள். அதற்காக எண்ணெயில் பொரித்தாலும் சாகாத நுண்ணியை உருவாக்கினார்கள். மீனின் பயணம் யார் வயிற்றில் முடிந்தது என்பதும் தெரிய வேண்டும் என்று, சாப்பிடுமுன் முள்ளை நாக்கில் வைத்துப் பெயரைப் பதிய வைத்தார்கள். 'கடலிலிருந்து வயிறு வரை' என்று ஊரெல்லாம் விளம்பரம். வயிற்றோடு எதுவும் முடிவதில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படித்தவர்கள் அதை மறந்துபோனார்கள்.

"அந்தச் சாக்கடக் கொழா வாசல்லயா வல போடுதானுவ?" என்று இன்னாசி மூக்கைப் பொத்திக்கொண்டான். "அந்தப் பக்கம் போனாலே நாத்தம் கொடலப் புடுங்குமே. மனுசன் திங்குறதாட்டி அது?"

"நீ கவலப்படாதண்ணே. இன்னைக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டுதேன். மடவைய நிப்பாட்டுனா விதிய மாத்தித்தான் ஆவணும். ஒன் சீலாவுக்கு வழி பொறந்துரும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பசுங்கயல் மேலாளர் நீலமேகத்திடம் போனாள். அவர் பதிவை முழுக்கக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். அவருக்கும் குமட்டுகிறது என்று அவள் நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது அந்த மனிதரின் முகத்தில் தீபாவளி.

"பெர்னதெத், என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. தடம் வயித்தோட முடியுதுன்னு நாமதான் தப்பா நெனச்சிட்டிருந்தோம். இது சுத்தி வருது. அறுபடவே இல்ல!"

"சார், அது மலத்தைத் தின்ன மீன்."

"அந்த வார்த்தைய இனிமே இந்த ஆபீஸ்ல சொல்லாதீங்க. மறுவரவுன்னு சொல்லுங்க. கடலுக்கு நாம குடுத்தது நமக்கே திரும்பி வருது. இயற்கையோட நன்றி."

"நல்லா வேகவச்சாலும் அது..."

"வேகவச்சா கிருமி செத்துரும். நுண்ணிதான் சாகாது. நமக்கு வேண்டியது அதுதானே?"

ஒரு மனிதன் இவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கொண்டு இவ்வளவு கேவலமாகப் பேச முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுவரவு முத்திரையின் வெளியீட்டு விழா நகரின் பெரிய ஓட்டலில் நடந்தது. பெர்னதெத் ஓரமாக நின்றாள். முதல் தட்டு திருமதி சுகந்தாவுக்குப் போனது. அவர் முள்ளால் குத்த, மீன் தேன் ஒழுக அவர் பெயரைச் சொன்னது. அவர் எப்போது எதைத் தின்றார் என்பதையும், அது எந்த வழியாக வந்தது என்பதையும் சொன்னது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இத்தோடு இந்தப் பீடை ஒழிந்தது என்று பெர்னதெத் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது பக்கத்து மேசையிலிருந்து அனந்தநாராயணன் எழுந்தார். அவர் குரலில் பொறாமை அப்பட்டமாக இருந்தது.

"அவங்க பேர் மட்டும் வருது? என் பேர் வர்ற மீன் இல்லையா?"

அவ்வளவுதான். அடுத்த மாதத்திற்குள் தன் பெயர் சொல்லும் மீனைத் தவிர வேறு மீனைத் தொடுவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. பிறந்தநாளுக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் வரும் மீன் தேடினார்கள். சம்பந்தி வீட்டார் பெயர் தன் மீனில் வந்துவிட்டதென்று ஒருத்தர் சண்டைக்கே போனார். தூ! மனிதன் தன் பெயரைக் கேட்பதற்காக எதை வேண்டுமானாலும் வாயில் போட்டுக்கொள்வான்.

இன்னாசி ஒரு வாரம் துறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். படகை விற்றுவிடலாமா என்று யோசித்தான். இன்னொரு சீலாவைக் கொண்டுவந்து தோற்பதற்குப் பதிலாக, ஒரு நாள் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு குழாய் வாசலுக்குப் போய் வலை போட்டான். அவன் கொண்டுவந்த மடவைக்கு பெர்னதெத்தே முத்திரை குத்தினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. படகு பிழைத்தது.

பிறகு நகராட்சி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்போவதாக அறிவித்தது. இருபது வருடமாக ஊரே கேட்டுக்கொண்டிருந்த நிலையம். மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். முதல் எதிர்ப்பு பசுங்கயலிடமிருந்து வந்தது. இரண்டாவது முத்துநகர்க் கோபுரத்திலிருந்து. மூன்றாவது படகுக்காரர்களிடமிருந்து.

"ஏட்டி, நீ அதிகாரி. நீ எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டிருவாவ," என்று இன்னாசி கெஞ்சினான். "கொழாத் தண்ணி சுத்தமாயிட்டா எம் படகு என்னத்துக்கு ஆவும்? அத யோசிச்சியா?"

பெர்னதெத் எழுந்தாள். சுத்திகரித்தால் குழாய் வாசலில் நுண்ணிகள் அழியும், அழிந்தால் தடம் அறும், அறுந்தால் இந்தத் துறையில் ஒரு மீனுக்கும் மறுவரவு முத்திரை கிடைக்காது என்றாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. கூடம் கைதட்டியது. கடல்வளப் பாதுகாப்பை முன்னிட்டு நிலையம் கைவிடப்பட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னாசி அவள் வீட்டுக்கு வந்தான். சட்டைக்குள்ளிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். உள்ளே ஒரு சீலா.

"இது ஏது?"

"ஆழத்துக்குப் போயி எடுத்தது. நாங்க படகுக்காரவ எல்லாரும் வீட்டுக்கு இதான் திங்குதோம். அந்தக் கருமத்த எவன் திம்பான்?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "முத்திர இல்லாத மீனு. வெளிய தெரிஞ்சா ஒனக்கு வேல போயிரும், எனக்குப் படகு போயிரும். பாத்துக்க."

அவன் போனதும் அவள் வாசல் கதவைத் தாழிட்டாள். சன்னல்களைச் சாத்தினாள். மணம் அக்கம்பக்கத்துக்குப் போகாமலிருக்க இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தாள். பிறகு, அந்த நகரத்திலேயே யார் பெயரும் ஒட்டாத அந்த மீனைக் குழம்பு வைத்து, பயந்து பயந்து, முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.