செத்தவர் எழுந்து வரலாம்!

“ஐயோ…! ஐயய்யோ…!”

கிருஷாந்தி போட்ட அலறல் மேட்டுப் பாறையில் மோதி, தேயிலை மலையெல்லாம் உருண்டு, கீழே கூடாரங்கள் இருந்த புல்வெளிவரை போய்ச் சேர்ந்தது.

கீழே நின்ற மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

கேட்டுவிட்டு… கைதட்டினார்கள்!

அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளையாட்டின் விதியே அதுதான். ‘கொலையாளி யார்?’ என்று அதற்குப் பெயர். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். கொலையாளிச் சீட்டு வந்தவர் யாருக்கும் தெரியாமல் இன்னொருவர் தோளைத் தொட வேண்டும். தொடப்பட்டவர் அலறிக்கொண்டு விழுவார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு கிருஷாந்தி விசில் ஊதி, “செத்தவங்கள்லாம் எந்திரிச்சு வாங்க!” என்று கூப்பிடுவாள். செத்தவர் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்.

இன்றைக்கும் கூப்பிட்டாள். மூன்று தரம் கூப்பிட்டாள்.

யாரும் வரவில்லை.

தேடிக்கொண்டு மேலே ஏறியவள்தான் இப்போது அலறுகிறாள். பாறைக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள், நிரஞ்சன் குப்புறக் கிடந்தான். பின்மண்டை முழுக்க ரத்தம். பக்கத்தில் தேங்காய் அளவில் ஒரு கல்.

மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். குளிரில் விறைத்த விரல். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று அந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“என்ன புள்ள… என்னாச்சு?”

மேல்காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த சோலைமலை, அவள் புருஷன், ஓடி வந்தான். பார்த்தான். குனிந்து நிரஞ்சனை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, கார் ரோட்டுக்குக் கொண்டு போனான்.

அவன் சட்டை முழுக்க ரத்தம் ஆனது.

பாவி மனுஷன்! நல்ல மனசு எப்போதும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

*

இன்ஸ்பெக்டர் பேரின்பநாயகம் ஆம்புலன்ஸோடு ஜீப்பில் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாக் குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர்.

ஆம்புலன்ஸுக்குள் ஏறி நிரஞ்சனைப் பார்த்தார். இறங்கினார். கதவைச் சாத்தினார்.

“முடிஞ்சுது” என்றார்.

ஆம்புலன்ஸ் போனது.

“நீர்தானோ பிள்ளை இந்த விளையாட்டு நடத்துறது?”

“ஆமா சார். பேரு கிருஷாந்தி. இதே தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவதான். மூணு வருஷமா இங்க வேல.”

“பெரிய ஆக்களுக்கு விளையாட்டோ?”

“கயிறு இழுக்குறது, சாக்கு ஓட்டம், கண்ணக் கட்டிக்கிட்டுக் கூடாரம் போடுறது… கொழும்புல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வர்றவங்க, சிரிச்சிக்கிட்டுப் போவாங்க சார்.”

“இண்டைக்கு ஒராள் சிரிக்காமல் போறார்” என்ற இன்ஸ்பெக்டர், பாறையடிக்கு ஏறி வந்திருந்த மற்ற மூவரையும் பார்த்தார்.

மூவரும் ஒரே கம்பனி. நிரஞ்சன்தான் மேலதிகாரி. ஆர்த்திகா, கையில் டிஷ்யூவோடு அழுதுகொண்டிருந்தாள். கஜதீபன், தொப்பையும் கோபமுமாக நின்றான். மதுரன், வெள்ளைச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியுமாய், விளம்பரத்துக்கு நிற்பவன் போல நின்றான்.

“முதல் விசில் எத்தனை மணிக்கு?”

“சரியா பதினொரு மணி சார். அப்ப நிரஞ்சன் சார் இந்தப் பாறை மேல ஃபோன் பேசிக்கிட்டு நின்னாரு. இங்க மட்டுந்தான் சிக்னல் வரும். ‘நீங்க தொடங்குங்க’ன்னு கையக் காட்டுனாரு. அப்புறம் பனி மூடிருச்சு.”

“ரெண்டாவது விசில்?”

“பதினொண்ணே கால். கழுத்துல ஸ்டொப்வொட்ச் இருக்கு சார். ஒரு நிமிஷங்கூட தப்பாது. இவங்க மூணு பேரும் அப்ப புல்வெளிக்கு வந்துட்டாங்க.”

“அங்கையிருந்து இங்க வர எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ரோட்டுல நடந்தா இருவது நிமிஷம்.”

“அப்ப பதினைஞ்சு நிமிஷத்திலை வந்து, அடிச்சுப்போட்டு, திரும்பவும் போக ஏலாது. தேயிலைக்குள்ளாலை வந்தால்?”

“இவங்களால முடியாது சார்! நேத்து ஆர்த்திகா மிஸ் பத்தடி வச்சாங்க… இடுப்பளவு கானுக்குள்ள போயிட்டாங்க. தோட்டத்துல பொறந்த காலா இருந்தாத்தான் குறுக்கால ஏறலாம். ஏற ஆறு நிமிஷம், எறங்க நாலு நிமிஷம்…”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன காரியம் செய்துவிட்டாள்!

“தோட்டத்துக் கால்…” இன்ஸ்பெக்டர் திரும்பினார். “மற்ற ஆக்கள் எல்லாம் அடுத்த மலையிலை கொழுந்து பறிக்கினம். ஒருத்தரும் நகரேல்லை எண்டு அவையை மேய்க்கிற கண்டாக்கு சொல்லிப்போட்டார். அப்ப இங்க நிண்ட தோட்டத்துக் கால் எது?”

எல்லோரும் சோலைமலையின் காலைப் பார்த்தார்கள்.

“சார், நேற்று இவர் நிரஞ்சனோட சண்டை பிடிச்சவர்!” என்று முந்திக்கொண்டான் கஜதீபன். “கயிறு இழுக்கேக்கை இவர் குடுத்த கயிறு அறுந்து நிரஞ்சன் விழுந்திட்டார். இவரைத் ‘தோட்டக்காட்டான்’ எண்டு ஏசினார். ‘இன்னொரு தடவ சொன்னா நடக்குறதே வேற’ எண்டு இவர் கையை ஓங்கினார். நாங்கள் எல்லாரும் பார்த்தனாங்கள்.”

“ஓங்குனேன் சார்” என்றான் சோலைமலை. “அடிக்கல.”

“சட்டையிலை ரத்தம்?”

“தூக்குனேன்ல சார்…”

விலங்கு பூட்டும் சத்தம் சின்னதுதான். கிருஷாந்திக்கு அது நெஞ்சுக்குள் கேட்டது. தன் வாயாலேயே தன் புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே! இன்னும் ஐந்து நிமிடத்தில் ஜீப் கிளம்பும். கிளம்பினால் அவன் எப்போது திரும்பி வருவான்?

“என்னங்க…”

“அழுவாத புள்ள. நான் செய்யல. ஒனக்குத் தெரியும்ல?”

தெரியும். சாமி சத்தியமாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அவள் மூளை விறுவிறுவென்று ஓடியது. சோலைமலை செய்யவில்லை. ஆனால் தேயிலைக்குள் ஏறத் தெரிந்தவன்தான் செய்திருக்கிறான். அப்படியானால்… இந்த மூன்று கொழும்புக் கால்களில் ஒன்று, தோட்டத்துக் கால்!

“சார்!” ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். “ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விளையாட்டு. ஒண்ணே ஒண்ணு. கையெடுத்துக் கும்புடுறேன்.”

“ஆள் செத்திருக்கு… இப்ப விளையாட்டா?” ஆர்த்திகா வீறிட்டாள்.

இன்ஸ்பெக்டர் தன் ஃபோனைப் பார்த்தார். சிக்னல் இருந்தது.

“எனக்கும் ஒரு கோல் வர இருக்கு. அதுவரைக்கும் நேரம் கிடக்கு. இதை விளையாட்டு எண்டு நினையாதேங்கோ தங்கச்சி, விசாரணை எண்டு நினையுங்கோ. நடத்தும் பிள்ளை!”

*

விருந்தாளிகளுக்காக வைத்திருந்த கொழுந்துக் கூடைகள் மூன்று வந்தன. பாறைக்குக் கீழே ஆளுக்கொரு நிரை தேயிலை.

“அஞ்சு நிமிஷம். ரெண்டு இலையும் மொட்டும் மட்டுந்தான் பறிக்கணும்.”

“நான் கொழும்பு, வெள்ளவத்தை” என்று சிரித்தான் மதுரன். “தேயிலையைப் பாக்கெட்டுலதான் பார்த்திருக்கேன்.”

விசில்!

கிருஷாந்தி கைகளை மட்டும் பார்த்தாள். தோட்டத்துக் கைக்கு ஒரு வேகம் இருக்கும். கண் ஒரு பக்கம் பார்க்க, கை தானாய்க் கிள்ளி, தோளுக்கு மேலால் கூடைக்குள் எறியும்.

ஆர்த்திகா ஒவ்வொரு இலையாய்ப் பூப்பறிப்பது போலப் பறித்தாள்.

கஜதீபன் ஒரு கொழுந்துக்கு ஒருதரம் பெருமூச்சு விட்டான்.

மதுரன் கிளையோடு ஒடித்தான். முற்றலும் காம்புமாய்க் கூடைக்குள் திணித்தான். மூவரில் அவன்தான் படுமோசம்!

போச்சு. எல்லாம் போச்சு.

“போதுமோ பிள்ளை?”

“இன்னொரு தடவ சார்… புது நிரையில…”

மூவரையும் அடுத்த நிரைக்கு மாற்றினாள். இனி என்ன பார்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். பனி மறுபடி இறங்கியது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரையில் கைவைத்து முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது கங்காணி ‘பொலி’ என்று குரல் கொடுப்பார். கூடை நிறைய வேண்டும் என்று சாமியிடம் கேட்பது அது. நிரையில் நிற்பவர்கள் எல்லாம் திருப்பிச் சொல்வார்கள். சொல்லாமல் பறித்தால் கை ஓடாது என்பார்கள்.

கிருஷாந்தி திட்டம் போட்டுச் செய்யவில்லை. சாமியைத் தவிர யாரும் துணையில்லாத நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

“பொலி… பொலி… பொலியோ பொலி…!”

“பொலி…”

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் திருப்பிச் சொன்னது!

கிருஷாந்தி வெடுக்கென்று ஜீப்பைப் பார்த்தாள். சோலைமலை கண்ணை அகல விரித்து, ‘நான் இல்ல புள்ள’ என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

அப்படியானால்…?

நிரையைப் பார்த்தாள். ஆர்த்திகா, “என்ன பாட்டு அது?” என்று விழித்துக்கொண்டு நின்றாள். கஜதீபன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மதுரன் சிலை மாதிரி நின்றான். அவன் கையிலிருந்த முதல் கொழுந்து கூடைக்குள் விழுந்திருந்தது. ரெண்டு இலையும் மொட்டும்.

“நீங்க… எந்தத் தோட்டம்?” என்று மெதுவாகக் கேட்டாள் கிருஷாந்தி.

மதுரனின் கை கூடைக் கயிற்றுக்குப் போனது.

“வெள்ளவத்தையிலை கொழுந்து பறிக்கிறவையோ தம்பி?” இன்ஸ்பெக்டர் இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

கூடை பறந்தது!

மதுரன் ஓடினான். ரோட்டில் இல்லை. நேராகத் தேயிலைக்குள்! இடுப்பைச் சாய்த்து, செடிக்கும் செடிக்கும் நடுவில் நுழைந்து, கானுக்குக் கான் தாவி, பனிக்குள் மறைந்தான். வெள்ளைச் சப்பாத்து ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை.

கிருஷாந்தியின் கட்டைவிரல் பழக்கத்தில் ஸ்டொப்வொட்ச்சை அழுத்தியது.

இன்ஸ்பெக்டர் பதறவில்லை. மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். சற்று நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது; கீழே காவலுக்கு விட்டிருந்த கான்ஸ்டபிள்.

“சேர்! கூடாரத்தடியில நிக்கிறன். தேயிலைக்குள்ள இருந்து ஒருத்தர் பாய்ஞ்சு வந்தார். கார்க் கதவில கை வைக்கவே அமத்திப் பிடிச்சிட்டன்!”

“எவ்வளவு பிள்ளை?”

“மூணு நிமிஷம் அம்பத்தஞ்சு செக்கன் சார்.”

“நீர் சொன்னதிலும் அஞ்சு செக்கன் குறைவு” என்றார் இன்ஸ்பெக்டர். சோலைமலையின் விலங்கைக் கழற்றினார்.

*

மதுரனை ஜீப்பில் மேலே கொண்டுவந்தார்கள். கறுப்புக் கண்ணாடி எங்கோ விழுந்திருந்தது. கொழும்புப் பேச்சும் அதோடு விழுந்துபோயிருந்தது.

“பொகவந்தலாவத் தோட்டம் சார் நானு. அப்பா கங்காணி.”

“ஏன் அடிச்சனீர்?”

“என் தங்கச்சி… காளியாயி. பதினாறு வயசுல இந்தாளு வீட்டுக்குக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிச்சோம். ஆறு மாசத்துல பொட்டியில வந்தா. மாடியில இருந்து தவறி விழுந்துட்டான்னாங்க. அந்த வீட்டுல அவள எல்லாரும் ‘ஏய்’னுதான் கூப்புடுவாங்களாம் சார்…”

“பிறகு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“படிச்சேன். நான் யாருன்னு சொல்லாம அவன் கம்பனியிலயே சேந்தேன். ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து சோறு தின்னேன். இன்னிக்குப் பனி மூடுனதும் ஏறி வந்தேன். ‘ஒங்க வீட்டுல வேல செஞ்சு செத்துச்சே ஒரு புள்ள… அது பேரு என்னா?’ன்னு கேட்டேன். பேர மட்டும் சொன்னாப் போதும், கல்லக் கீழ போட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சேன் சார். சத்தியமா!”

“சொன்னாரோ?”

“‘எந்தப் புள்ள? எத்தினியோ வந்துச்சு, போச்சு… பேரெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கிறது’ன்னு சிரிச்சிட்டு, திரும்பி ஃபோனப் பாத்தான். அப்பத்தான் கை…”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

கிருஷாந்தி விலங்கு கழன்ற சோலைமலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் தப்பினான், சரி. அதற்கு விலையாய் யாரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்! தன் சனத்தில் ஒருத்தனை. அதுவும் சாமிக்குச் சொல்லும் வார்த்தையைத் தூண்டிலாய்ப் போட்டு.

“என்னைய மன்னிச்சிருங்க அண்ணே” என்றாள்.

“நீ என்னம்மா செய்வ… ஓம் புருசன் மேல பழி விழும்னு நான் நெனைக்கல. நீதான் என்னைய மன்னிக்கணும்.”

அப்போது இன்ஸ்பெக்டரின் ஃபோன் அலறியது.

“ஓம்… ஓம் டொக்டர்… அப்பிடியோ?... திரும்பச் சொல்லுங்கோ… எழுதி வையுங்கோ, நான் வாறன்.”

ஃபோனை வைத்தவர், மதுரனின் தோளில் கைபோட்டார்.

“எழும்பும் தம்பி. உம்மிலை கொலைக் கேஸ் இல்லை.”

“சார்…?”

“நிரஞ்சன் சாகேல்லை. ஆம்புலன்ஸிலை ஏத்தேக்கையே நாடி ஓடினது. சொல்லியிருந்தா அடிச்ச ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து மிச்சத்தையும் முடிச்சிருப்பார் எண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தனான்.”

“அட சாமி!” என்றான் சோலைமலை. கஜதீபன் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தான்.

“இப்ப முழிப்பு வந்திட்டுதாம். முழிச்ச நேரம் தொட்டு ஒரே புலம்பல். டொக்டர், நேர்ஸ் எல்லாரும் கேட்டிருக்கினம். ‘காளியாயி, நான் வேணுமெண்டு தள்ளேல்லை… காளியாயி, நான் வேணுமெண்டு தள்ளேல்லை…’”

மதுரன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான். கிருஷாந்தி ஓவென்று அழுதுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பேரின்பநாயகம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“மண்டையிலை அடிபட்டா ஞாபகம் போகும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன்… வரும் எண்டு இண்டைக்குத்தான் பார்க்கிறன்!”